ராத்திரி இரண்டு மணிப் பாட்டுக்காரன்: மாக்கிங்பேர்டோடு எங்கள் அனுபவங்கள்

டெக்சஸுக்குக் குடிவந்த வருடம், ஏப்ரல் மாதம். ராத்திரி இரண்டு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுப் பறவைகள் சேர்ந்து கத்துவது போல ஒரே சத்தம். ஒன்று சீழ்க்கை அடிக்கிறது, ஒன்று கரகரவென்று இரைகிறது, நடுவில் தவளை போல ஒன்று. மூன்றாம் நாள் தாங்காமல் எழுந்து வெளியே போனேன். எதிர் வீட்டுப் புகைபோக்கியின் மேல் ஒரே ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் அதன் தொண்டை புடைத்துப் புடைத்து அடங்குவது தெரிந்தது. அத்தனை குரலும் அந்த ஒன்றினுடையது.

வட அமெரிக்காவில் பரவலாக இருக்கும் மாக்கிங்பேர்ட் அது. அறிவியல் பெயர் மைமஸ் பாலிகிளாட்டோஸ், அதாவது பல நாக்கு கொண்ட பலகுரல் கலைஞன். ஓர் ஆண் பறவை தன் ஆயுளில் 200 பாட்டுத் துணுக்குகள் வரை சேர்த்துக்கொள்ளுமாம். அப்படியிருக்க, "எந்தப் பறவை மாதிரி கத்துகிறது?" என்று தேட ஆரம்பித்தால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். நானும் முதலில் அப்படித்தான் தேடினேன். எதைப் பாடுகிறது என்பதை விட்டுவிட்டு, எத்தனை தடவை பாடுகிறது என்று எண்ண ஆரம்பித்த பிறகுதான் பிடிபட்டது. மாக்கிங்பேர்ட் ஒரு துணுக்கை எடுத்தால் மூன்று, நான்கு, ஐந்து தடவை அப்படியே திருப்பிச் சொல்லும். கொஞ்சம் நிறுத்தும். அடுத்த துணுக்குக்குப் போகும். அதன் உறவுக்காரப் பறவையான பிரவுன் த்ராஷர் பெரும்பாலும் இரண்டே தடவையோடு விட்டுவிடும். கேட்பேர்ட் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் போய்க்கொண்டே இருக்கும், நடுவில் பூனை போல ஒரு மியாவ் வரும். மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் குழப்பம் வருவது இயல்பு. விரல் விட்டு எண்ணினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, எந்தப் பறவையின் குரலை எத்தனை தடவை பாடுகிறது என்று எழுதினேன். கார்டினல் ஐந்து. கரோலினா ரென் நான்கு. ப்ளூ ஜே மூன்று. கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறின் கிலிகிலி, ஆறு. அப்புறம் வாகன அலாரம், அதுவும் நான்கு தடவை, கடைசி இழுப்பு வரைக்கும் துல்லியமாக! அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் யார் யார் வாழ்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கெடுப்பு எனக்குக் கிடைத்ததில்லை. அந்தப் பட்டியலில் இருந்த கெஸ்ட்ரலை நான் நேரில் பார்த்தது இரண்டு வாரம் கழித்துத்தான்.

கண்ணுக்கு எளிய அடையாளம் வேண்டுமென்றால் நம் ஊர் மைனாவை நினைத்துக்கொள்ளுங்கள். மைனா பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று வெள்ளைத் திட்டு தெரியுமல்லவா, அதேபோல இதற்கும் தெரியும். வாலின் இரண்டு ஓரமும் வெள்ளை. மேலே சாம்பல், கீழே மங்கிய வெள்ளை. நீளம் மைனா அளவு, ஆனால் உடம்பு ஒல்லி, எடை 50 கிராம் சொச்சம்தான். லாகர்ஹெட் ஷ்ரைக் என்ற பறவையும் இதே நிறத்தில் கம்பியில் உட்கார்ந்திருக்கும். அதற்குக் கண்ணை மறைத்துக் கட்டினாற்போல அகலமான கறுப்புப் பட்டை, கொக்கி வளைந்த தடித்த அலகு. மாக்கிங்பேர்டுக்குக் கண்ணோரம் மெல்லிய கோடு மட்டும்.

ராத்திரிக் கச்சேரி மே மாதத்தில் ஒருநாள் நின்றுபோனது. இரவில் பாடுபவை பெரும்பாலும் ஜோடி சேராத ஆண்கள் என்று அப்புறம் படித்தேன். நிலாக் காலத்தில் இன்னும் அதிகமாகப் பாடுமாம். சத்தம் நின்ற அதே வாரம், வேலிப் புதருக்குள் இரண்டு பறவைகள் மாறி மாறிப் போய்வந்தன. ஒன்றின் அலகில் சுள்ளி. தூக்கம் கெட்டதெல்லாம் மறந்து, அன்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

*

நான் ஃப்ளோரிடாவில் இருக்கிறேன். டெக்சஸைப் போல எங்களுக்கும் இதுதான் மாநிலப் பறவை. என் அனுபவம் பாட்டைப் பற்றியது அல்ல, அடி வாங்கியதைப் பற்றியது.

கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய புதரில் மார்பு உயரத்தில் கூடு. இலையை விலக்கிப் பார்த்தேன்: வெளிர் நீலத்தில் பழுப்புப் புள்ளி தெளித்த நான்கு முட்டைகள். மறுநாளும் பார்த்தேன். அந்த ஆசைதான் தப்பு. மூன்றாம் நாள் நான் கதவைத் திறந்ததுமே 'சக், சக்' என்று அதட்டல், அடுத்த நொடி பின்னந்தலையில் சுரீரென்று ஒரு உரசல். என் மனைவி அதே வழியில் தினமும் போகிறாள், அவளை ஒன்றும் செய்யவில்லை. நான் தொப்பி போட்டுப் பார்த்தேன், சட்டையை மாற்றிப் பார்த்தேன். பலிக்கவில்லை.

இது என் பிரமை இல்லை என்று பிறகு தெரிந்தது. ஃப்ளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் செய்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. ஒரே ஆள் தொடர்ந்து நான்கு நாள் கூட்டருகே போய், 30 வினாடி நின்று, கூட்டின் விளிம்பில் கையும் வைத்துவிட்டு வந்தார். நாளாக நாளாக, அவர் இன்னும் தூரத்தில் வரும்போதே பறவை கூட்டை விட்டுக் கிளம்பித் தாக்க ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் வேறு ஆள் போனபோது, முதல் நாள் போலத்தான் நடந்துகொண்டது. கூட்டைத் தாண்டி மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகும் இடம் அது. அதற்குள் அந்த ஒரு ஆளை அடையாளம் வைத்திருக்கிறது!

அதனால் கூடு தெரிந்தால் தயவுசெய்து கிட்டே போகாதீர்கள். அடைகாப்பது 12, 13 நாள். குஞ்சுகள் கூட்டில் இருப்பது இன்னொரு 12 நாள் அளவுதான். நடுவில் புதரை வெட்ட ஆள் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அழிக்க அமெரிக்காவின் 1918ஆம் ஆண்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டமே இடம் தராது. ஒரு காலத்தில் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்துக் கூண்டுப் பறவையாக விற்று, கிழக்குக் கரையோரம் சில இடங்களில் இந்த இனமே அருகிப்போயிருந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு என் தலையில் பட்ட அடி நியாயமாகவே தோன்றுகிறது.

*

கலிஃபோர்னியாவிலிருந்து நான். மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: இளம் பறவைக்கு மார்பில் புள்ளி இருக்கும். அதைப் பார்த்து வேறு ஏதோ இனம் என்று ஒரு வாரம் தேடிக்கொண்டிருந்தேன். புல்வெளியில் அது நடந்துகொண்டிருந்தபோதுதான் சந்தேகம் தீர்ந்தது. நாலடி ஓடும், நிற்கும். இரண்டு இறக்கையையும் மெல்லத் தூக்கும், பாதியில் ஒரு நிறுத்தம், இன்னும் கொஞ்சம், மறுபடி நிறுத்தம், அப்புறம் முழுதாக விரிக்கும். வெள்ளைத் திட்டு இரண்டும் பளிச். பூச்சிகளைக் கலைத்து வெளியே வரவைக்கத்தான் இப்படிச் செய்கிறது என்று ஒரு கருத்து உண்டு. நான் பார்த்த அன்று ஒரு வெட்டுக்கிளி எழும்பியது, குஞ்சு பாய்ந்தது, தவறவிட்டது. உடனே நாலடி ஓடி, மறுபடி இறக்கையைத் தூக்க ஆரம்பித்தது.