ஃபில்டர் போட்டு நட்சத்திரம் அளந்தவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

மாடிவானம்:
கல்லூரித் தொலைநோக்கியில் ஓரியன் கூட்டத்துச் சிவப்பு நட்சத்திரம் திருவாதிரையையும் நீலநிற ரைகலையும் அளந்தபோதுதான் ஃபில்டரின் அருமை புரிந்தது. பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடும் வி ஃபில்டரில் வழக்கமாக இரண்டுக்கும் அரை மேக்னிட்யூட்கூட (பிரகாச அளவு; எண் கூடினால் மங்கல்) வித்தியாசம் வராது. நீல பி ஃபில்டருக்கு மாற்றினால் ரைகல் 0.1-லேயே நிற்கும், திருவாதிரையோ 2.3 வரை மங்கிவிடும்! பி-யிலிருந்து வி-யைக் கழித்தால் வருவது நிறக்குறியீடு. ரைகலுக்கு -0.03, சூரியனுக்கு 0.65, திருவாதிரைக்கு 1.85. இந்த எண் ஏற ஏற வெப்பநிலை குறைவு என்று அர்த்தம்: ரைகல் சுமார் 12,000 கெல்வின், திருவாதிரை 3,600. ஜான்சன், மார்கன் என்ற வானியலாளர்கள் 1953-ல் வகுத்த முறை, இன்னும் ஓடுகிறது.

இப்போது கையில் இருப்பது டிஎஸ்எல்ஆரும் ட்ரைபாடும்தான். கேமராவின் பச்சைப் பிக்சல்கள் வி-க்கு ஓரளவு நெருங்கி வரும். ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து நட்சத்திரத்தைச் சின்னத் தட்டாக விரித்துவிடுவேன். இல்லையென்றால் நடுப் பிக்சல்கள் நிரம்பி வழிந்து கணக்கே கெட்டுவிடும். கேமரா திருத்தாத ரா ஃபைல்தான், சுருக்கித் திருத்திய ஜேபெக் பக்கமே போவதில்லை. 2020 பிப்ரவரியில் திருவாதிரை 1.6 வரை மங்கியபோது பக்கத்து நட்சத்திரம் பெலாட்ரிக்ஸோடு ஒப்பிட்டு அளந்தேன். இரண்டு தட்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம். "வெடிக்கப் போகிறதா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

நிறமாலைப் பித்தன்:
என்னிடமும் கேட்டார்கள்! நான் லெவெஸ்க், மாசி என்ற இரு வானியலாளர்களின் ஆய்வைக் காட்டித் தப்பித்தேன். அந்த பிப்ரவரியிலேயே நட்சத்திர நிறமாலையில் டைட்டானியம் ஆக்சைடு பதிக்கும் இருண்ட பட்டைகளை அளந்து 3,600 கெல்வின் என்றார்கள். 2004-ல் அது 3,650. ஐம்பது டிகிரி இறங்கியதற்கு இவ்வளவு மங்காது, தூசி மறைக்கிறது என்பது அவர்கள் கட்சி. 2021-ல் வெளியான சிலி தொலைநோக்கிப் படங்களில் நட்சத்திரத்தின் தென்பாதிதான் இருண்டு கிடந்தது. மேற்பரப்பில் ஒரு திட்டு குளிர்ந்தது, தூசியும் கிளம்பியது. இரண்டும் சேர்ந்த வேலை என்றது அந்தப் படங்களை எடுத்த குழு.

தெற்குத்தெரு:
புதிதாக அளக்க வருகிறவர்களுக்கு ஒன்று. நட்சத்திரம் அடிவானத்தை நெருங்கினால் காற்று நீலத்தைத்தான் அதிகம் தின்னும். பி-வி தானாக ஏறிவிடும். ஒப்பீட்டு நட்சத்திரமும் அதே உயரத்தில் இருக்கட்டும். பிப்ரவரியில் ராத்திரி எட்டரை வாக்கில் திருவாதிரை நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே வந்துவிடும். லண்டன்காரனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.