பழுது வரலாற்றை எதன் பெயரில் எழுதுவது: இயந்திரத்தின் பெயரிலா, இடத்தின் பெயரிலா?

பீன்யா_பராமரிப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யாவில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று ஷெட்களில் சிஎன்சி லேத்துகள், மில்லிங் சென்டர்கள், ஹைட்ராலிக் பிரஸ்கள், ஸ்க்ரூ கம்ப்ரஸர்கள், தலைக்கு மேல் ஓடும் மின்சார (இஓடி) கிரேன்கள் என ஏறத்தாழ 150 இயந்திரங்கள் ஓடுகின்றன. கணக்கு, கொள்முதல், ஸ்டோர் ஆகியவை ஏற்கெனவே எஸ்ஏபி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளில் நடக்கின்றன. பராமரிப்பு மட்டும் எக்செல் தாளிலும் ஷிஃப்ட் நோட்டிலும் நடந்து வருகிறது. வரும் நிதியாண்டிலிருந்து நாங்களும் எஸ்ஏபியின் பராமரிப்புப் பகுதிக்கு மாற வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது.

எனக்குள்ள சிக்கல் இதுதான். எங்கள் எக்செல் தாளில் ஒவ்வொரு வரியும் "லைன் 2, நான்காவது லேத்" என்பது போல இடத்தின் பெயரால் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆர்டருக்கு ஏற்ப லேத்துகளை ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு நகர்த்துகிறோம். ஒன்றின் ஸ்பிண்டிலை (வேலைப்பொருளைச் சுழற்றும் தண்டு) ஓட்டும் மோட்டார் எரிந்தால், நின்றுகிடக்கும் வேறொன்றிலிருந்து கழற்றிப் பொருத்தி உற்பத்தியை ஓட்டிவிடுகிறோம். இதனால், "இந்த லேத்தை ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல்) செய்யலாமா, விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமா?" என்று மேலிடம் கேட்கும்போது, அந்த லேத்துக்கு இதுவரை எவ்வளவு செலவானது என்று என்னால் காட்ட முடிவதில்லை. அந்த இடத்துக்கு எவ்வளவு செலவானது என்றுதான் சொல்ல முடிகிறது.

மென்பொருளை அமைத்துத் தரும் நிறுவனம் நீளமான ஒரு படிவத்தைக் கொடுத்து, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பித் தரச் சொல்கிறது. எவ்வளவு ஆழம் வரை பதிவு செய்வது, சர்வீஸ் அட்டவணையைத் தேதிப்படி வைப்பதா அல்லது ஓடிய மணிப்படி வைப்பதா, பழுது பார்க்கும் தோழர்களை உண்மையான காரணத்தை எழுத வைப்பது எப்படி என்பதில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஒயிட்ஃபீல்டு_ஆலோசகர் எழுதியது:

படிவத்தை நிரப்பத் தொடங்கும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லது. இடமா இயந்திரமா என்றால், இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக வைக்க வேண்டும். எஸ்ஏபியில் இடத்துக்கு ஃபங்ஷனல் லொகேஷன் என்றும், இயந்திரத்துக்கு எக்விப்மென்ட் மாஸ்டர் என்றும் பெயர். ஐபிஎம் நிறுவனத்தின் மேக்சிமோ என்ற பராமரிப்பு மென்பொருளில் லொகேஷன், அசெட் என்று இதே பிரிவு இருக்கிறது. "லைன் 2, நான்காவது நிலை" என்பது ஃபங்ஷனல் லொகேஷன். அங்கே இன்று நிற்கும் லேத், தன் சீரியல் எண்ணோடு ஓர் எக்விப்மென்ட். லேத்தை மூன்றாவது ஷெட்டுக்கு நகர்த்தும் நாளில், பழைய லொகேஷனிலிருந்து கழற்றிப் புதிய லொகேஷனில் பொருத்தியதாகத் தேதியுடன் பதிவு செய்தால், அந்த லேத் எந்தெந்தக் காலத்தில் எங்கெங்கே நின்றது என்பதை மென்பொருளே காட்டும். வொர்க் ஆர்டரை (ஒரு பராமரிப்பு வேலைக்கான பதிவு) எக்விப்மென்ட் எண்ணில் திறந்தால், அது நின்ற இடமும் தானாகவே ஆர்டரில் ஏறிக்கொள்ளும். எனவே செலவை இரு வழிகளிலும் பிரித்துப் பார்க்கலாம். ஒரே இடத்தில் எந்த லேத்தை நிறுத்தினாலும் டிரைவ் கார்டு எரிகிறது என்றால், குறை லேத்தில் இல்லை. அந்த இடத்து மின்சாரத்திலோ எர்த்திங்கிலோ இருக்கிறது. உங்கள் எக்செல் தாளை வைத்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஸ்பிண்டில் மோட்டாரைப் பொறுத்தவரை, இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுகிற, கழற்றி ரீவைண்டிங் செய்து மறுபடி பொருத்துகிற பொருள் எதுவோ, அதற்கு மட்டும் தனி எக்விப்மென்ட் எண் கொடுங்கள். லேத்தின் கீழே துணை எக்விப்மென்ட்டாக அதை வைத்தால், மோட்டார் லேத்தை விட்டுப் போகும்போது அதன் வரலாறும் கூடவே போகும். சர்வோ டிரைவுக்கும் இது பொருந்தும். பேரிங், பெல்ட், ஃபில்டர், லிமிட் ஸ்விட்ச் ஆகியவற்றுக்கு எண் கொடுக்க வேண்டியதில்லை. அவை கழற்றினால் குப்பைக்குப் போகிறவை, லேத்தின் உதிரி பாகப் பட்டியலில் இருந்தால் போதும். எதுவரை இறங்குவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அந்தப் பொருளைப் பற்றி என்றாவது ஒருநாள் தனியாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்குமா? இருக்குமென்றால் எண் கொடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

படிவத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்தக் கட்டங்களில் பெரும்பாலானவற்றை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண், உற்பத்தி ஆண்டு, காஸ்ட் சென்டர் (செலவு எழுதப்படும் பிரிவு), கணக்குப் பிரிவின் சொத்து எண், நின்றால் உற்பத்திக்கு நேரும் பாதிப்பின் தரம் ஆகியவற்றைச் சரியாக நிரப்பினால் முதல் ஆண்டுக்குப் போதுமானது. சீரியல் எண்ணைப் பழைய கோப்பிலிருந்து எடுக்காமல், இயந்திரத்தின் பெயர்ப்பலகையிலிருந்தே எழுதுங்கள். பழைய பிரஸ்களில் பெயர்ப்பலகைக்கு மேலேயே பெயிண்ட் அடித்திருப்பார்கள். கொஞ்சம் தின்னரும் பழைய துணியும் கொண்டு போனால் வேலை முடியும்.

ஓய்வுபெற்ற_மெக்கானிக் எழுதியது:

மேலே நண்பர் சொன்ன அமைப்பு சரியானது. நான் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் பாழாகின்றன.

எஸ்ஏபியில் பழுதைப் பதிவு செய்யும் நோட்டிஃபிகேஷனில் எந்தப் பாகம், என்ன சேதம், என்ன காரணம், என்ன செய்யப்பட்டது என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. மேக்சிமோவில் பிரச்சினை, காரணம், தீர்வு என்று அடுக்கியிருப்பார்கள். எண்ணெய், எரிவாயுத் துறைக்காக எழுதப்பட்ட ஐஎஸ்ஓ 14224 தரநிலையும் பழுது வெளிப்பட்ட விதத்தையும் அதன் மூல காரணத்தையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே எழுதச் சொல்கிறது. "ஸ்பிண்டில் சத்தம்" என்பது வெளிப்பட்ட விதம். "பேரிங் தேய்ந்தது" என்பது சேதம். "கூலன்ட் சீல் வழியாக உள்ளே இறங்கியது" என்பது காரணம். இந்த மூன்றாவதை எழுதாமல் பேரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், அடுத்த பேரிங்கும் அதே வழியில்தான் போகும்.

ஆனால் குறியீட்டுப் பட்டியல் நீண்டால், இரவு ஷிஃப்டில் கையில் கிரீஸோடு நிற்பவர் பட்டியலின் முதல் வரியையோ "மற்றவை" என்பதையோதான் அழுத்துவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓர் இயந்திர வகைக்குப் பத்துப் பன்னிரண்டு காரணங்களுக்கு மேல் வைக்காதீர்கள். அவற்றையும் மேசையில் உட்கார்ந்து எழுதாமல், உங்கள் பழைய ஷிஃப்ட் நோட்டுகளைப் புரட்டி, அவர்கள் எழுதியிருக்கும் சொற்களிலேயே அமையுங்கள். பீன்யாவில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர், கன்னடர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் என எல்லாரும் ஒரே ஷிஃப்டில் நிற்பார்கள். ஆங்கிலத்தில் மட்டும் பட்டியல் இருந்தால் பாதிப் பேருக்கு அது ஓர் அலங்காரம். குறியீட்டோடு கன்னடத்திலும் இந்தியிலும் தமிழிலும் விளக்கம் அச்சிட்ட லேமினேஷன் அட்டை ஒன்றை ஒவ்வொரு லைனிலும் மாட்டுங்கள்.

இன்னொன்று: வொர்க் ஆர்டரை மூடுவது சூப்பர்வைசரின் வேலையாக இருக்கட்டும், காரணம் எழுதாமல் மூட முடியாதபடி மென்பொருளில் கட்டாயமாக்குவதைவிட, ஷிஃப்ட் மாறும்போது சூப்பர்வைசரும் பழுது பார்த்தவரும் நின்று இரண்டு நிமிடம் பேசி எழுதுவதே உண்மையைக் கொண்டுவரும். கட்டாயக் கட்டத்தில் எதையாவது போட்டுத்தான் தீர வேண்டும் என்றால், எதையாவதுதான் போடுவார்கள். காலியாக இருக்கும் கட்டமாவது நம்மை ஏமாற்றாது.

பீன்யா_பராமரிப்பு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. துணை எக்விப்மென்ட் யோசனை எங்கள் மோட்டார் குழப்பத்துக்கு நேரடியான தீர்வாகத் தெரிகிறது. அட்டவணை பற்றியும், ஓவர்ஹாலா புதியதா என்ற முடிவு பற்றியும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும். கணக்குப் பிரிவினர், "15 ஆண்டு முடியும்வரை பேசாதீர்கள்" என்கிறார்கள்.

ஜெயநகர்_கணக்கர் எழுதியது:

உங்கள் கணக்குப் பிரிவினர் சொல்லும் 15 ஆண்டு, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பொதுவான இயந்திரங்களுக்குக் குறிக்கப்பட்டிருக்கும் பயன்பாட்டுக் காலம். அது தேய்மானம் கணக்கிடுவதற்கான காலமே. அதுவரை இயந்திரத்தை வைத்திருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தவிர, அது ஒரு ஷிஃப்டுக்கான கணக்கு. இரண்டு ஷிஃப்ட் ஓடிய காலத்துக்குத் தேய்மானம் 50 சதவீதமும், மூன்று ஷிஃப்ட் ஓடிய காலத்துக்கு 100 சதவீதமும் கூடும் என்று அதே அட்டவணை கூறுகிறது. மூன்று ஷிஃப்டும் ஓடும் லேத்தின் புத்தக மதிப்பு (தேய்மானம் போகக் கணக்கில் மீதி நிற்கும் மதிப்பு) அவர்கள் நினைப்பதைவிட வேகமாகக் கரைந்திருக்க வேண்டும். எந்த லேத் எத்தனை ஷிஃப்ட் ஓடியது என்ற பதிவு உங்களிடம்தான் வரப்போகிறது. அதை அவர்களுக்குக் கொடுங்கள்.

ஒரு சொத்தின் முக்கியமான பாகத்துக்கு வேறான ஆயுள் இருந்தால், அதை 2015 ஏப்ரல் முதல் தனியாகத் தேய்மானம் செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. எனவே ஸ்பிண்டிலை முழுதாக மாற்றும் செலவு, அந்த ஆண்டின் பழுதுச் செலவா, சொத்தில் சேரும் மூலதனமா என்று வொர்க் ஆர்டரைத் திறக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். மூலதனம் என்றால், கழற்றிய பழைய ஸ்பிண்டிலின் மீதி மதிப்பைக் கணக்கிலிருந்து நீக்கவும் வேண்டும். எக்விப்மென்ட் மாஸ்டரில் சொத்து எண்ணை எழுதச் சொன்னார்களே, அது இதற்காகத்தான். ஒரே சொத்து எண்ணின் கீழ் "லேத்துகள், 6" என்று மொத்தமாக ஏற்றியிருப்பார்கள். முதலில் அதைப் பிரிக்கச் சொல்லுங்கள். இந்தச் சண்டையை இப்போதே போட்டுவிடுவது நல்லது, ஆண்டு முடிவில் யாருக்கும் நேரம் இருக்காது.

ஓவர்ஹாலா புதியதா என்ற முடிவுக்குப் புத்தக மதிப்பு ஒரு பொருட்டே அல்ல. போன பணம் போனதுதான். இனி வரும் ஆண்டுகளில் அந்த லேத்துக்கு ஆகும் பழுதுச் செலவு, அது நிற்பதால் இழக்கும் உற்பத்தி, இன்று விற்றால் கிடைக்கும் விலை ஆகியவற்றைத்தான் புதிய லேத்தின் விலையோடு ஒப்பிட வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு_ஆலோசகர் எழுதியது:

அட்டவணைக்கு வருகிறேன். கம்ப்ரஸருக்கு மணிக் கணக்கே பொருந்தும். 2000 மணிக்கு ஒருமுறை சர்வீஸ் என்றால், ஒரு ஷிஃப்டில் மாதம் 200 மணி ஓடும் கம்ப்ரஸருக்கு அது பத்து மாதம். மூன்று ஷிஃப்டில் 600 மணி ஓடுவதற்கு மூன்று மாதத்துக்குச் சற்று மேல். இரண்டுக்கும் "ஆறு மாதம்" என்று எழுதினால், ஒன்றில் எண்ணெயை வீணாக்குவோம், மற்றொன்றில் கம்ப்ரஸரை வீணாக்குவோம். எஸ்ஏபியில் ஒவ்வொரு எக்விப்மென்ட்டுக்கும் ஓடிய மணியைக் குறிக்கும் ஒரு கவுன்ட்டர் அமைத்து, மணியோ தேதியோ எது முந்துகிறதோ அதன்படி ஆர்டர் எழும்பச் செய்யலாம். வாரம் ஒருமுறை மணியைப் படித்து ஏற்ற ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். யாரும் படிக்காத கவுன்ட்டரை வைத்து அமைத்த திட்டம் தவறான நாளில்தான் எழும்பும். கிரேன் சோதனை மட்டும் சட்டம் சார்ந்தது, தேதிப்படியே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் காலக்கெடு வைத்து மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். விமானப் பாகங்களை ஆராய்ந்து நௌலன், ஹீப் இருவரும் 1978இல் வெளியிட்ட அறிக்கையில், வயதாக ஆகப் பழுது கூடும் போக்கு 11 சதவீதப் பாகங்களில்தான் காணப்பட்டது. லேத் விமானம் அல்ல. நம் பெல்ட்டும் ஃபில்டரும் வயதானால் தேயத்தான் செய்யும். ஆனால் எலக்ட்ரானிக் கார்டுகளையும் டிரைவ்களையும் தேதி வைத்து மாற்றுவதில் பயனில்லை. அவற்றுக்குப் பேனல் வெப்பத்தைப் பார்ப்பது, விசிறி ஃபில்டரைச் சுத்தம் செய்வது, கையில் ஓர் உபரி வைத்திருப்பது ஆகியவையே போதும்.

பழைய எக்செல் வரலாற்றை வொர்க் ஆர்டர்களாக மாற்றி ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது இடத்தின் பெயரால் எழுதப்பட்டது. எந்த லேத்துக்கு உரியது என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கோப்பாக அந்தந்த ஃபங்ஷனல் லொகேஷனோடு இணைத்துவிட்டு, தொடங்கும் நாளன்று ஒவ்வொரு இயந்திரத்தின் மணி மீட்டரையும் படித்து, அந்த எண்ணைக் கவுன்ட்டரின் முதல் அளவாக ஏற்றுங்கள். மீட்டர் கெட்டிருந்தால் அதை மாற்றுவதே அந்த இயந்திரத்தின் முதல் வொர்க் ஆர்டராக இருக்கட்டும்.