பிளையோமெற்றிக் பயிற்சிக்கு ‘மீள்துள்ளல்’ பொருந்துமா?

வணக்கம். பிளையோமெற்றிக் (plyometric) என்பது நிலத்தில் இறங்கியவுடன் திரும்ப எழும்பும் துள்ளல் போன்ற பயிற்சி. அதற்குத் தமிழில் ‘மீள்துள்ளல்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. அதற்கு ஒருவர் கேட்டது:

> ‘பாய்ச்சல் பயிற்சி’ போதாதா? பொடியளுக்கு உடனே விளங்கும்.

விளங்கும், ஆனால் வேறொன்றாக விளங்கும். யாழ்ப்பாணத்தில் எந்தப் பாடசாலை மைதானத்திலும் ‘பாயுங்கோ’ என்றால் பிள்ளைகள் முடிந்த மட்டும் உயரமாகவோ தூரமாகவோ பாய்வார்கள். இந்தப் பயிற்சியில் அதைவிட முக்கியம், கால் நிலத்தைத் தொட்டபின் எவ்வளவு விரைவில் எழும்புகிறது என்பது. இறங்கும்போது கெண்டைக்கால் தசையும் குதிநாணும் (அத்தசையைக் குதியோடு இணைக்கும் நாண்) இழுபட்டு, இழுத்த இறப்பரைப் போல மீள்தன்மைச் சக்தியைச் சேமிக்கின்றன. உடனே எழும்பினால் அது துள்ளலுக்கு உதவும். தாமதித்தால் வெப்பமாக வீணாகும். வேகமான வகைகளில் பாதம் நிலத்தில் இருப்பது கால் செக்கனுக்கும் குறைவு. முழு வேகத்தில் ஓடும்போது அதைவிடவும் குறைவு. அதனால்தான் உதைபந்தாட்டக்காரருக்கு இது இவ்வளவு பயன்படுகிறது: தலையால் அடிக்க எழும்பும் உயரம் மட்டுமல்ல, குறுந்தூர ஓட்டமும் திசை மாறும் விரைவும் கூடுகின்றன.

‘தெறிப்புப் பயிற்சி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அழகான சொல். எங்கள் விஞ்ஞானப் புத்தகங்களில் தெறிப்பு என்றால் ஒளித்தெறிப்பு; சரி, அதைச் சமாளிக்கலாம். ஆனால் ‘நாண் தெறிச்சுப் போச்சு’ என்றால் ஊரில் அறுந்துபோனது என்றே எடுப்பார்கள். காயத்தை நினைவூட்டும் சொல்லைப் பயிற்சிக்கு வைக்க எனக்கு மனமில்லை.

‘பிளையோமெற்றிக்’ என்ற மூலச்சொல்லை அப்படியே பெயர்ப்பதிலும் பயனில்லை. 1975இல் அமெரிக்கரான பிரெட் வில்ற் அறிமுகப்படுத்திய அந்தப் பெயரின் கிரேக்க வேர்கள் ‘அதிகம்’, ‘அளவு’ என்பவை. உடலில் நடப்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. 1960களிலேயே இதை வளர்த்த சோவியத் பயிற்றுநர் யூரி வெர்கோஷான்ஸ்கி ‘அதிர்ச்சி முறை’ என்றார். அதுவாவது நிலத்தில் மோதும் கணத்தைச் சுட்டுகிறது.

ஆகவே ‘மீள்துள்ளல்’. மீள்தன்மையும் வருகிறது, தொட்டவுடன் திரும்ப எழும்புவதும் வருகிறது. மெடிசின் பந்தை (பயிற்சிக்கான பாரமான பந்து) ஏந்தியவுடன் திருப்பி எறிவதும் இதே வகைதானே, அங்கே துள்ளல் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ‘மீள்எறிதல்’ என்போம். ‘மீள்’ பொது அடியாக நிற்கட்டும்.

கூடவே இரண்டு சொற்கள் வேண்டும். பெட்டியிலிருந்து இறங்கி உடனே எழும்புவதற்கு ‘இறங்கித் துள்ளல்’. பாதம் நிலத்தில் இருக்கும் நேரத்துக்குத் ‘தரைதொடு நேரம்’. இந்த இரண்டாவதைத்தான் நான் விடமாட்டேன். பெட்டியை உயர்த்துவதுதான் முன்னேற்றம் என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். குதி நிலத்தில் அடித்து, தரைதொடு நேரம் இழுபட்டால், பெட்டியைத் தாழ்த்த வேண்டும். கோடையில் எங்கள் மைதானங்கள் இறுகிக் கிடக்கும் நிலையில் பதின்ம வயதுப் பிள்ளைகளின் முழங்காலுக்கு இந்தக் கவனம் கட்டாயம் தேவை.

ஒரு சிக்கல் மிச்சம். குருநகர், மயிலிட்டி போன்ற கரையோர ஊர்களில் மணலிலும் பயிற்சி செய்யலாம். மணல் தாக்கத்தைக் குறைக்கும், ஆனால் தரைதொடு நேரத்தைக் கூட்டிவிடும். அதையும் மீள்துள்ளல் என்றே அழைப்பதா, ‘மணற்துள்ளல்’ என்று பிரிப்பதா? பயிற்றுநர்கள் எழுதுங்கள்.