நிலாவெளியில் கடலோர வீடு: மாரிக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

மலைநாட்டு வாத்தியார்:
அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். ஹட்டனில் இருந்து திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி ஒக்டோபரில் வருகிறேன். கூடவே மனைவியும் மூன்று வயது மகளும். கடற்கரையில் இருந்து 200 மீற்றரில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். சீற் கூரை, வாடகை குறைவு. மண்சரிவு என்றால் எப்போது வீட்டை விட்டு இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. சுனாமிக்குப் பயப்படுவதா, புயலுக்கா? வீட்டுக்காரரோ "இங்கே ஒன்றும் வராது" என்கிறார்.

இறக்கக்கண்டியாள்:
தம்பி, அவரிடம் போன மாரியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவருக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் பக்கத்து வளவுச் சுவரைப் பாருங்கள்.

நிலாவெளி ஒடுங்கலான மணல்தரை. முன்னால் கடல், பின்னால் களப்பும் உப்பளமும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மாரித் தண்ணீர் பின்பக்கமாகத்தான் வரும். கடல் பொங்கி நிற்கிற நாளில் களப்புத் தண்ணீர் கடலுக்குள் வடியாது, அது வளவுக்குள் ஏறும்.

காற்றைப் பற்றியும் சொல்கிறேன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரையேறியது. போட் எஞ்சினைக் கழற்றி வந்து வீட்டு ஹோலில் பாய் விரித்துக் கிடத்தி, அம்மாவின் பழைய சேலையால் மூடியிருந்தோம். வீடு முழுக்க மண்ணெண்ணெய் மணம். அப்பா 1964 டிசம்பர்ப் புயலையே பார்த்தவர், அசையமாட்டேன் என்று இருந்துவிட்டார். முதலில் வடக்கில் இருந்து அடித்தது. அந்தப் பக்கக் கூரையில் மணல் மூட்டை அடுக்கியிருந்ததால் தப்பினோம் என்று நினைத்தோம். அப்புறம் காற்று மேற்காகத் திரும்பி, விடிவதற்குள் தெற்காகிவிட்டது. தெற்குப் பக்கத்தில் பாரம் ஒன்றும் வைக்கவில்லை, குசினி சீற் மூன்று போய்விட்டது. புயல் மையம் நமக்கு வடக்கால் போனால் காற்று இப்படித்தான் சுழலும். எனவே கூரையின் நாலு பக்கத்தையும் கட்டுங்கள். மையத்துக்கு வடக்கே உள்ள கரையில்தான் காற்று கடலை உள்ளே தள்ளும். அன்றைக்கு அந்தப் பக்கம் திரியாய், புல்மோட்டை. நமக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் செய்த ஒரே புத்தியான காரியம், கரண்ட் போவதற்கு முன் வீட்டில் இருந்த பானை, வாளி எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பியது. மோட்டர் ஓடாவிட்டால் கிணறு இருந்தும் இல்லாத மாதிரித்தான். வெள்ளம் வடிந்த பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து, குளோரின் போடாமல் குடிக்கவும் வேண்டாம்.

மூதூர் மகன்:
வாத்தியார், உங்கள் ஊர் மழைதான் எங்கள் ஊர் வெள்ளம். மகாவலி உங்கள் பக்கத்து மலையில் இறங்கி எங்கள் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது இங்கே காற்று அடங்கிய பிறகுதான் மாவிலாற்றுக் கட்டு உடைந்தது. வானம் வெளித்துவிட்டது என்று யாரும் திரும்பிப் போகக்கூடாது என்று அன்றைக்குத்தான் படித்தோம்.

சுனாமி அடிக்கடி வருவதில்லை. 2004இல் சுமாத்ராவில் நிலம் நடுங்கி இரண்டு மணி நேரம் வரை கழித்துத்தான் அலை இங்கே வந்தது. அந்த நேரத்தில் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. 2012 ஏப்ரல் 11இல் அறிவித்தார்கள், ஊரே ஓடியது, அலை வரவில்லை. "சும்மா ஓடினோம்" என்று இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. கடல் வழமையில்லாமல் உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகாமல் மகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117ஐ போனில் பதிந்து வையுங்கள்.

உப்புவெளி அக்கா:
இன்னொன்று. நவம்பரில் இருந்து பெப்ரவரி வரை மகளைக் கடலில் கால் நனைக்கவும் விடாதீர்கள். திரும்பிப் போகிற தண்ணீர் பெரிய ஆளையே இழுத்துவிடும். சித்திரையில் பின்னேரம் இடி முழங்கினால் கடற்கரையில் நிற்க வேண்டாம். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் சீற் கூரைக்குக் கீழே மத்தியானம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, வந்து பாருங்கள்.

மலைநாட்டு வாத்தியார்:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் வந்தேன். வீட்டுச் சுவர் புதுப் பெயின்ற்தான். பக்கத்து வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். அவர்களுடைய பிரிட்ஜ் நாலு சீமெந்துக் கல்லுக்கு மேல் நிற்கிறது. ஏன் என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டு முழங்காலைத் தொட்டுக் காட்டினார். றோட்டுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் மேடாக வேறு வீடு யாருக்காவது தெரியுமா?