புத்தூர்க் கிணற்றுக் கல்லில் கிடைத்த நத்தை புதிய இனமா? உதவுங்கள்

புத்தூர்த் தோட்டக்காரன்:
வணக்கம். போன மாதம் தோட்டக் கிணற்றை ஆழப்படுத்தினோம். பதினெட்டு அடிக்குக் கீழே வந்த சுண்ணாம்புக் கல்லை உடைத்தபோது உள்ளே திருகாணி மாதிரி ஒரு கல் நத்தை. நீளம் 41 மில்லிமீற்றர், ஒன்பது சுற்று. மற்றப் பாதிக் கல்லில் அதன் குழி அப்படியே பதிந்திருக்கிறது. இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வடிவத்தைப் பார்த்தால் டுரிட்டெல்லா என்ற திருகாணி வடிவக் கடல் நத்தைப் பேரினம். ஆனால் நான் பார்த்த டுரிட்டெல்லாப் படங்களில் எல்லாம் சுற்றி ஓடும் வரிகள் உண்டு. என்னுடையது வழவழவென்று இருக்கிறது. சுற்றுகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கின்றன. குழியைப் பார்த்தால் சுற்று எதிர்ப்பக்கம் போகிறது. அம்மா அதைப் பார்த்து "வலம்புரி" என்றே சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தது என்ற பொருளில் டுரிட்டெல்லா ஜாப்னென்சிஸ் என்று பெயரும் யோசித்து விட்டேன். ஆனால் விவரிப்பு எழுதத் தொடங்கி இரண்டு கிழமையாக ஒரு பந்தியைத் தாண்ட முடியவில்லை. எங்கே பிழை?

கல்லும் கடலும்:
தம்பி, படங்களை வடிவாகப் பார்த்தேன். உங்கள் கையில் இருப்பது ஓடு இல்லை. நத்தை செத்த பிறகு ஓட்டுக்குள் சுண்ணாம்புச் சேறு நிரம்பி இறுகிய கல் அது. இந்த வகை நத்தைகளின் ஓடு அரகனைற்று என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. நிலத்தடி நீரில் அது எளிதில் கரைந்துவிடும். அவ்வளவு எளிதில் கரையாத கல்சைற்று என்ற மற்றச் சுண்ணாம்புக் கனிமத்தாலான சுற்றுக் கல்தான் மிஞ்சும். உட்சுவர் வழவழப்பு என்பதால் கல்லும் வழவழப்பு. சுற்றுகளுக்கு இடையில் தெரியும் வெளி, கரைந்துபோன ஓட்டின் தடிப்பு. குழலில் அவித்த புட்டைப் பார்த்துக் குழலின் வெளிப்பக்கம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா? ஆகவே "வரியில்லாதது" என்று எழுதி இனம் பிரிக்க முடியாது.

குழிதான் ஓட்டின் வெளிப்பக்கம் பதிந்த அச்சு. அச்சில் இடம் வலம் மாறித்தான் தெரியும், அதனால்தான் அம்மாவுக்கு வலம்புரியாகத் தெரிந்தது. எழுதும்போது இதையும் கவனியுங்கள்: நாம் வலம்புரி என்று சொல்லும் சங்கு விலங்கியலில் இடச்சுற்று. கூர்நுனி மேலே, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் வாய் இடப்பக்கம் வருவது இடச்சுற்று. சொல்லை மாற்றி எழுதினால் வாசிப்பவர் தடுமாறுவார்.

உங்களுக்கு வேண்டிய அடையாளம் எல்லாம் அந்தக் குழிக்குள் இருக்கிறது. பிள்ளைகள் உருட்டி விளையாடும் களியை எடுத்து, குழியை லேசாக நனைத்து, மெதுவாக அழுத்தி எடுங்கள். பல் வைத்தியர்கள் அச்செடுக்கும் சிலிக்கோன் கிடைத்தால் இன்னும் நல்லது.

நெடுந்தீவுக்காரி:
ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் அண்ணா. துப்புரவாக்க என்று வினாகிரியில் போட வேண்டாம். சுண்ணாம்புக் கல் நுரைத்துக் கரையும், குழிக்குள் இருக்கும் மெல்லிய வரிகள்தான் முதலில் போகும். தண்ணீரும் மென்மையான பல் தூரிகையும் போதும்.

புத்தூர்த் தோட்டக்காரன்:
அக்கா, இதை முன்பே கேட்டிருக்கலாம். போன கிழமை குழியின் ஒரு ஓரத்தை வினாகிரியில் நனைத்துப் பார்த்துவிட்டேன், அந்த இடம் மழுங்கிப் போயிற்று. மற்ற இடத்தில் களியை அழுத்தி எடுத்தேன்.

எடுத்த அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது! ஒவ்வொரு சுற்றிலும் மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் மணி கோத்தது போல முடிச்சுகள். மேலிருந்து கீழாகவும் லேசான மேடுகள். கடைசிச் சுற்றின் அடியில், வாய் முடியும் இடத்தில், குட்டையாக ஒரு வாய்க்கால் மாதிரி வளைந்து போகிறது. இத்தனை நாளும் இதை மேசையில் வைத்துக்கொண்டு வழவழப்பு என்று எழுதியிருக்கிறேன்.

கல்லும் கடலும்:
அந்த வாய்க்கால்தான் தீர்ப்புச் சொல்கிறது. டுரிட்டெல்லாவுக்கு அது கிடையாது. வாயடியில் அப்படி வாய்க்கால் உள்ள செரிதியம் என்ற நத்தைப் பேரினத்தின் பக்கம் தேடுங்கள். பேரினம் அதுவேயானால் நீங்கள் யோசித்த பெயரின் வாலும் மாறும். டுரிட்டெல்லா லத்தீனில் பெண்பால், ஜாப்னென்சிஸ் சரி. செரிதியம் ஆணும் பெண்ணும் அல்லாத பால், அதனால் ஜாப்னென்சே.

பெயர் வைக்க முதல் ஒப்பிட வேண்டும். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக் கல் மியோசீன் காலத்தது, அதாவது ஏறக்குறைய 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டு வரை முந்திய காலம். கேரளத்துக் கொல்லம் படிவுகளில் இருக்கும் அதே மலபாரிக்கா என்ற ஓடுள்ள நுண்ணுயிரின் புதைபடிவம் இங்கும் கிடைக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை, எனவே கொல்லம் நத்தைகளைப் பாராமல் புதிது என்று சொல்லக் கூடாது. வேலண்ட், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 1923இல் இலங்கை மியோசீன் பற்றி எழுதியதையும், சிந்து, கச்சுப் பக்கத்து புதைபடிவ நத்தைகளை வ்ரெடன்பர்க் என்ற புவியியலாளர் விவரித்ததையும் பாருங்கள். நம் குடாக்கடல் சேற்றில் இன்றும் ஊரும் பிரெனெல்லா சிங்குலேட்டா என்ற நத்தையைக் கையில் எடுத்து உங்கள் களி அச்சோடு வைத்துப் பார்ப்பதும் நல்லது. அதுவும் மணி மணியாகத்தான் இருக்கும்.

நெடுந்தீவுக்காரி:
ஒரே ஒரு மாதிரியை வைத்துப் புதிய இனம் எழுதலாமா ரீச்சர்?

கல்லும் கடலும்:
விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதி தடுக்காது. ஆனால் ஒன்றே ஒன்று என்றால் அந்த மணிகள் இனத்தின் அடையாளமா, அந்த ஒரு நத்தையின் வேறுபாடா என்று தெரியாது. நான் என்றால் இன்னும் ஐந்தாறு கிடைக்கும்வரை பொறுப்பேன். 1999க்குப் பிறகு வெளியிடும் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமான ஒரே மாதிரி, எது, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்று எழுத வேண்டும். கல்லில் இயற்கையாகப் பதிந்த அச்சே ஹோலோடைப் ஆகலாம், களியில் நீங்கள் எடுத்தது ஆகாது. ஆகவே அந்தக் குழியை இனி எதிலும் நனைக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறையில் ஒருவரைக் கண்டு கதையுங்கள்.

புத்தூர்த் தோட்டக்காரன்:
சரி ரீச்சர். இரண்டு பாதியையும் பஞ்சு வைத்துப் பெட்டியில் போட்டு, கிணற்றின் இடம், ஆழம், உடைத்த திகதி எழுதி ஒட்டிவிட்டேன். பெயர் இருந்த தாளைத் தனியாக வைத்திருக்கிறேன். கிணற்றுக் குவியலில் பாதிக் கல் வேலியோரம் வாழைக்கு அடியில் கிடக்கிறது. நாளைக்கு அம்மாவோடு அதைப் பிரிக்கப் போகிறேன். இந்தமுறை குழி உள்ள துண்டு ஒன்றையும் எறியமாட்டேன்.