மேலுடம்பு இளைச்சாச்சு, தொடை மட்டும் அப்படியே நிக்குது: பயிற்சியில என்ன மாத்தணும்?

காலைஓட்டம் (கேள்வி)

வயது 31, உயரம் 162 செ.மீ., எடை 56 கிலோ. இடுப்பு 69, புட்டம் 97, தொடை 58 செ.மீ. வாரம் 4 நாள் 5 கி.மீ. ஓட்டம். தினமும் எடை இல்லாம 100 ஸ்குவாட் (உக்காந்து எழறது), படுத்துக்கிட்டு பக்கவாட்டுல கால் தூக்கறது பக்கத்துக்கு 50. திங்கள் முதல் வெள்ளி வரை 1,200 கலோரி, சனி ஞாயிறு கணக்கு பார்க்கறதில்ல. கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு தெரியுது, முகம் ஒட்டிப்போச்சு. ஆனா டாப் எஸ் சைஸ், பேன்ட் எல் சைஸ். தொடைக்குன்னு இன்னும் எந்தப் பயிற்சியைச் சேர்க்கலாம்?

இரும்புத்தட்டு

சேர்க்க வேண்டாம், இருக்கறதுல பாதியைக் கழட்டுங்க.

தொடைக் கொழுப்பு ஏன் கடைசியா போகுதுன்னா, அட்ரினலின் ஹார்மோன் வந்து தட்டும்போது கொழுப்பு செல்லுல பீட்டா ஏற்பி (ஹார்மோன் வந்து ஒட்டற இடத்துல ஒரு வகை) இருந்தா கொழுப்பு வெளிய போகக் கதவு திறக்கும், ஆல்ஃபா-2 ஏற்பி இருந்தா தாழ்ப்பாள் விழும். பெண்களுக்குத் தொடையிலயும் புட்டத்துலயும் ஆல்ஃபா-2 கை ஓங்கியிருக்கும். வயித்துக் கொழுப்போட ஒப்பிட்டா அங்க ரத்த ஓட்டமும் குறைவு. அதனால உடம்பு முதல்ல முகம், மார்பு, கைன்னு எடுக்குது. உங்களுக்கு நடக்கறது கோளாறு இல்ல, வரிசை.

பக்கவாட்டுல 50 தடவை கால் தூக்கினா வேலை செய்யறது இடுப்போரத்துல ஒரு சின்னத் தசை. மேல இருக்கற கொழுப்புக்கு அது தெரியவே தெரியாது. எடையில்லாத 100 ஸ்குவாட்டும் ஒரு மாசத்துக்கு மேல தசைக்குச் சவாலா இருக்காது.

வாரம் 3 நாள் எடைப்பயிற்சி, அதுல கீழுடம்புக்கு 2 நாள்:

ருமேனியன் டெட்லிஃப்ட், 3 செட், 8 முதல் 10 தடவை. முழங்காலை லேசா மடக்கி வெச்சுட்டு, பின்னாடி இருக்கற கதவைப் புட்டத்தால சாத்தற மாதிரி இடுப்பைப் பின்னால தள்ளணும். கையில பிடிச்ச பார் (எடை மாட்டற கம்பி) தொடையை உரசிக்கிட்டே முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வரை இறங்கணும், இறங்க 3 விநாடி. பின்தொடை இழுக்கறது நின்னு முதுகு வளைய ஆரம்பிக்கற இடம்தான் உங்க எல்லை. நிறைய பேர் முழங்காலை மேல மேல மடக்கி இதையும் ஸ்குவாட் ஆக்கிடறாங்க.

ஹிப் த்ரஸ்ட் (மேல்முதுகை பெஞ்ச்ல சாய்ச்சு, இடுப்பு மேல எடை வெச்சு இடுப்பை மேல தூக்கறது), 3 செட், 8 முதல் 12. பெஞ்ச் விளிம்பு தோள்பட்டை எலும்போட கீழ்நுனியில படணும். மேல வரும்போது கணுக்காலும் முழங்காலும் ஒரே செங்குத்துக் கோட்டுல இருக்கணும். பாதம் தள்ளிப் போனா வேலை பின்தொடைக்குப் போகும், ரொம்பக் கிட்ட வந்தா முன்தொடைக்கு. தாடையை நெஞ்சுப் பக்கம் வெச்சுக்கோங்க, இல்லேன்னா கீழ்முதுகுதான் தூக்கும்.

பல்கேரியன் ஸ்ப்ளிட் ஸ்குவாட் (பின்காலை ஒரு மேடையில வெச்சுட்டு முன்காலால உக்காந்து எழறது), காலுக்கு 2 செட், 8 முதல் 10.

ஹிப் த்ரஸ்ட்ல மூணு செட்டும் 12 வந்துட்டா அடுத்த தடவை 2.5 கிலோ ஏத்துங்க. செட் முடியும்போது இன்னும் ரெண்டு தடவைதான் முடியும்னு இருக்கணும், அஞ்சாறு மிச்சமிருந்தா எடை போதல. ஓட்டத்தை 2 நாளாக் குறைச்சு, மத்த நாள் நடை.

அளவுநாடா

பயிற்சியை விடப் பெரிய ஓட்டை சாப்பாட்டுக் கணக்கில் இருக்கிறது. உங்கள் உடம்புக்கு ஒரு நாள் செலவு சுமார் 1,900 கலோரி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் 1,200 என்றால் 6,000. வார இறுதி பிரியாணி, பரோட்டா, ஐஸ்கிரீமோடு நாளுக்கு 3,000 வருவது மிகச் சாதாரணம், அது ஒரு 6,000. மொத்தம் 12,000, சராசரி சுமார் 1,715. பட்டினி கிடந்த உணர்வுக்குப் பலன் நாளுக்கு 185 கலோரிதான். அளக்காமல் ஊற்றிய எண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன் கூடினால் அதுவும் காலி (ஒரு டேபிள்ஸ்பூன் 120).

ஏழு நாளும் 1,600 சாப்பிடுங்கள். நாளுக்கு 300 குறைந்தால் வாரத்துக்குக் கால் கிலோ சொச்சம் கொழுப்பு. 8 வாரம் இப்படி, பிறகு 2 வாரம் முழுச் செலவுக்கு ஈடாகச் சாப்பாடு, மீண்டும் 8 வாரம். தொடை நகர்வது பெரும்பாலும் இரண்டாவது சுற்றில்தான். பலர் முதல் சுற்றிலேயே வெறுத்து விட்டுவிடுகிறார்கள்.

புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 முதல் 2 கிராம், உங்களுக்கு 90 முதல் 110. மூன்று முட்டை 18, காய்ந்த எடையில் 50 கிராம் மீல் மேக்கர் 26, பச்சையாக 150 கிராம் கோழி நெஞ்சுக்கறி 33, 200 கிராம் தயிர் 7. மிச்சம் பருப்பிலும் இட்லியிலும் வந்துவிடும். சாம்பாரை மட்டும் நம்பினால் வராது.

அளப்பதிலும் தவறு நடக்கும். முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் குறி போட்டு, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நின்று, நாடா தோலைத் தொடுமளவுக்கு மட்டும் சுற்றுங்கள். இறுக்கினால் ஒரு செ.மீ. பொய்யாகக் குறையும். கால் பயிற்சி செய்த மறுநாள் அளக்க வேண்டாம், தசையில் நீர் கோத்திருக்கும். மாதவிடாய்க்கு முந்தைய வாரமும் வேண்டாம், எடையே 1 கிலோ கூடிக் காட்டலாம். மாதவிடாய் தொடங்கி ஆறாம் நாள் காலை, மாதம் ஒரு தடவை போதும்.

மூச்சுவாங்கி

மேலே சொன்னதோட இதையும் பாருங்க: சைக்கிள்ல 30 விநாடி முழு வேகம், 90 விநாடி மெதுவா, 8 சுற்று. இறங்கி உடனே 25 நிமிஷம் ட்ரெட்மில் நடை, ஏற்றம் 6 சதவீதம். முதல் பகுதி அட்ரினலினை ஏத்தி கொழுப்பை ரத்தத்துக்குக் கொண்டுவரும், ரெண்டாவது அதை எரிக்கும்.

இரும்புத்தட்டு

@மூச்சுவாங்கி, வாரம் ஒரு நாள் செஞ்சா தப்பில்ல. ஆனா நாள் முழுக்க கலோரி சமமா இருந்தா, வெளிய வந்து எரியாத கொழுப்பு திரும்பப் போய் உக்காந்துக்கும். வெறும் வயித்துல செய்யற கார்டியோவுக்கும் (ஓட்டம், சைக்கிள் மாதிரி) இதே பதில்தான். கால் பயிற்சிக்கு முந்தின நாள் இதைச் செஞ்சா மறுநாள் டெட்லிஃப்ட் கெடும், அந்த நஷ்டம் பெருசு. யோஹிம்பின் (ஒரு மரப்பட்டையில இருந்து வர்ற மருந்து) கலந்த 'ஃபேட் பர்னர்' பக்கம் போகாதீங்க. ஆல்ஃபா-2வை அடைக்கறது உண்மைதான், கூடவே படபடப்பும் ரத்த அழுத்தமும் ஏறும்.

காலைஓட்டம்

நன்றி. வீட்ல 10 கிலோ டம்பெல் ரெண்டு மட்டும் இருக்கு. ஸ்ப்ளிட் ஸ்குவாட்ல முன்கால் முட்டி வலிக்குது. வெளித்தொடைப் புடைப்பு கொழுப்புதானா, எலும்பான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

அளவுநாடா

பேன்ட் பாக்கெட்டுக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் விரலை அழுத்திக்கொண்டு பாதத்தை உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள். விரலுக்கடியில் ஒரு எலும்பு உருளும். அகலம் அந்த மட்டத்தில் என்றால் அது உங்கள் எலும்புக்கூட்டின் அமைப்பு, மாறாது. அதற்கு நாலு விரல் கீழே கிள்ளினால் தடிப்பாக வருவதுதான் குறையக்கூடியது. தோலின் மேடுபள்ளம் வேறு விஷயம். தோலடி நார்களின் அமைப்பு அது, ஒல்லியானவர்களுக்கும் இருக்கும்.

இரண்டு காலும் ஒரே மாதிரி தடித்து, பாதம் மட்டும் ஒல்லியாக, கணுக்காலில் வளையம் போல மடிப்பு விழுந்து, அழுத்தினால் வலித்து, லேசாக இடித்தாலே கன்றிப்போனால் அது லிப்பிடீமாவாக (காலில் கொழுப்பு இயல்புக்கு மாறாகச் சேரும் நோய்) இருக்கலாம். டயட்டுக்கு அசையாது, ரத்தநாள மருத்துவரிடம் காட்டுங்கள். மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால் டயட்டை அன்றே நிறுத்திவிட்டு மகளிர் மருத்துவரைப் பாருங்கள். தொடைக் கொழுப்பு வயிற்றுக்குள் சேரும் கொழுப்பைப் போல இதயத்துக்குப் பகையும் அல்ல, அவசரம் வேண்டாம்.

இரும்புத்தட்டு

முட்டி வலிக்கு: பின்கால் வெக்கற உயரம் கட்டில் அளவு இருந்தா குறைங்க, 30 செ.மீ. போதும். முன்கால் இன்னும் ஒரு பாதம் முன்னாடி, உடம்பு லேசா முன்னால சாய்வு, அழுத்தம் குதிகால்ல. அப்பவும் வலிச்சா மாடிப்படியோட கீழ்ப்படியில ஸ்டெப்-அப் (ஒரு காலால படியேறி இறங்கறது), கீழ இருக்கற கால் உந்தக்கூடாது.

டம்பெல் ரெண்டையும் கையில வெச்சு ஒத்தைக்கால் டெட்லிஃப்ட், இடுப்பு மேல வெச்சு ஒத்தைக்கால் ஹிப் த்ரஸ்ட்னு மாத்துங்க, 20 கிலோ நாலஞ்சு மாசம் தாங்கும். அப்புறம் ஜிம் தேடுங்க.