நிலவேம்புச் சாற்றில் பச்சையம் நீக்க உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழக வேதியியல் துறையில் கரிம வேதியியல் ஆய்வு மாணவி நான். நிலவேம்பு இலையிலிருந்து ஆண்ட்ரோகிராஃபோலைடைப் பிரித்து, அதன் எஸ்டர்களைத் தயாரிக்க வேண்டும். அந்த இலையின் கடுங்கசப்புக்கு முக்கியக் காரணமே இந்தச் சேர்மம்தான்.

நிழலில் உலர்த்திய இலைப்பொடியை மெத்தனாலில் ஊறவைத்து வடிக்கிறேன். சேர்மத்தோடு பச்சையமும் வந்துவிடுகிறது. ஹெக்சேனில் கழுவினால் மெழுகும் கொழுப்பும் போகின்றன, பச்சை முழுதாகப் போவதில்லை. செயலூட்டிய கரி நிறத்தை வாங்கிக்கொள்கிறது. கூடவே விளைபொருளில் ஒரு பங்கையும் விழுங்கிவிடுகிறது. அதுதான் மனத்தை வருத்துகிறது.

சூடாக்கவும் அமிலம் சேர்க்கவும் தயக்கம். மூலக்கூறிலுள்ள மூன்று ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளில் 14ஆம் கார்பனில் இருப்பது எளிதில் நீராக வெளியேறிவிடும். பிறகு கையில் இருப்பது வேறு சேர்மம்.

சிலிக்கா ஜெல் நிரப்பிய பிரிப்புக் குழாய் (பத்தி) இல்லாமல், குளிர்ந்த மெத்தனாலிலேயே படிகமாக்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? ஒரு கிராம் சாற்றுக்கு எவ்வளவு கரி போதும், எவ்வளவு நேரம் கலக்கலாம்? இயற்கை விளைபொருள் ஆய்வில் பழகிய மூத்தவர்கள் கைப்பக்குவத்தைச் சொன்னால் பெரிய உதவி. உருகுநிலை, என்எம்ஆர் (மூலக்கூறு அமைப்பைக் காட்டும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) விவரங்களை அனுப்பத் தயாராக இருக்கிறேன்.